கீழே ஓடிய பெயர்

கேபிள் டி.வி. தொழிலில் நல்ல பெயர் எடுத்தவன் என்று ஒருத்தனும் கிடையாது. படம் பளிச்சென்று வந்தால் பெருமை டி.வி. பெட்டிக்கு, வராவிட்டால் வசவு நமக்கு. கரண்டு போனாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். காக்கா உட்கார்ந்து வயர் அறுந்தாலும் நாம்தான் காக்காயை ஏவிவிட்டதுபோலப் பேசுவார்கள். தோளில் வயர்ச் சுருளும் கையில் ஏணியுமாகத் தெருத் தெருவாக அலைந்து நொந்த சகாக்களே, உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நான் சொல்லப்போகிற ஒரு விஷயத்தை இதுவரை எந்த சகாவிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்; சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு எழுதினால் போடுவீகளா?

இருபது வருஷத்துக்கு மேலே இருக்கும். திருத்தங்கலில் ஒரு அச்சாபீஸ் மாடியில் நானும் என் கூட்டாளி கடற்கரையும் கண்ட்ரோல் ரூம் வைத்திருந்தோம். கடற்கரை என்பது ஆள் பெயர்தான். எங்கள் பக்கம் கடலுக்கு எங்கே போவது! கீழே மிஷின் ஓடினால் மாடியில் எங்கள் டீ தம்ளர் தானாக நகரும். அப்போதுதான் நாள் முழுக்கப் பாட்டு மட்டுமே போடுகிற சேனல்கள் வந்திருந்தன. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். யாராவது போன் பண்ணி, தன் பெயரைச் சொல்லி, இன்ன பாட்டு வேண்டும் என்பார்கள். உடனே அந்தப் பாட்டு வரும். இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். அன்றைக்கு எங்கள் தெருக்களில் அதைப் பார்க்கிறவர்கள் கண்ணை இமைக்கமாட்டார்கள்.

சாயங்காலம் கம்பெனி வேன்கள் வந்து பட்டாசு வேலைக்குப் போன பெண்களை இறக்கிவிடும். டி.வி. இருக்கிற வீடாகப் பார்த்து, கையைக் கழுவினதும் கழுவாததுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் ஒருத்தி மாரீஸ்வரி. பத்தொன்பது வயசு இருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. ஒருநாள் திடுதிப்பென்று எங்கள் மாடிப்படி ஏறி வந்து நின்றாள். பின்னால் நாலு பெண்கள், ஒருத்தியை ஒருத்தி முன்னே தள்ளிக்கொண்டு. அவள்தான் பேசினாள்:

"அண்ணே, மெட்ராஸ்காரப் பிள்ளைக போன் பண்ணுனா பாட்டுப் போடுறாக. எங்க தெருவுல போன் இருக்கிற வீடு ஒண்ணுகூட இல்ல. நாங்க சீட்டு எழுதிக் குடுத்தா நீங்க போடுவீகளா?"

முதலாளி வந்தார்

வேன் நிற்கிற டீக்கடையில் ஒரு காலி வெடிப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டோம். அதுதான் பாட்டுப் பெட்டி. கீழே அச்சாபீஸில் காலண்டர் வெட்டிப் போட்ட கழிவுத் தாள்தான் சீட்டு. ஒரு பக்கம் மயில் கழுத்து பாதி இருக்கும், மறுபக்கம் பாட்டு எழுதியிருக்கும். ஓரத்தில் அவர்கள் விரலில் ஒட்டின வெள்ளிப் பொடி மினுமினுக்கும். காலையில் சீட்டுகளை எடுத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்துவிடுவேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு ஓடும். அடியில் பெயர்கள் ஓடும். மேலே கதாநாயகன் பாவம், உயிரைக் கொடுத்து ஆடுவான். ஒரு கண்ணும் அவனைப் பார்க்காது. எல்லாக் கண்ணும் கீழேதான்.

பெயரில்தான் முதல் தகராறு. இருக்கன்குடி ஆத்தா புண்ணியத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு மாரி. மாரியம்மாள், மாரிக்கனி, மாரிச்செல்வி, மாரீஸ்வரி. ஒரு பெயர் ஓடினால் ஏழு வீட்டில் அது எங்க பிள்ளைதான் என்பார்கள். ஒரே தெருவில் இரண்டு பேர் குடத்தை வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றதும் உண்டு. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெயர், பக்கத்தில் வேலை பார்க்கிற கம்பெனி. சண்டை தீர்ந்தது. எனக்கு என் மூளையை நினைத்துக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அதற்கப்புறம் ஒரு கம்பெனி முதலாளியே நேரில் மாடியேறி வந்தார். பெண்கள் பெயரை டி.வி.யில் போடாதே என்று சொல்லப் போகிறார் என்று நாங்கள் எழுந்து நின்றோம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, பக்கத்துக் கம்பெனி பேரு நேத்து ஏழு தடவ ஓடுச்சு, நம்ம கம்பெனி பேரு ரெண்டே தடவ. நம்ம பிள்ளைகளுக்குப் பாட்டே பிடிக்காதா, இல்ல நீ வேணும்னே விட்டுட்டியா?"

விரலால் படித்தவர்

அடுத்து வந்தவர் பால்ச்சாமி அண்ணாச்சி, மாரீஸ்வரியின் அப்பா. லாரி செட்டில் லோடுமேன். வெடிக் கேஸ் தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் காய்த்துப் போயிருக்கும். மகள் கேட்ட பாட்டோ அந்த வாரம் சரியான காதல் பாட்டு. ஆள் வருகிற வேகத்தைப் பார்த்துக் கடற்கரை பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டான். அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எம் மக பேரு இதுல ஓடுதாமே தம்பி. எது அதுன்னு காட்டுறீகளா? எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

மானிட்டருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். 'பா. மாரீஸ்வரி' என்று வந்ததும் தொட்டுக் காட்டினேன். அவர் தன் தடித்த விரலை அந்தப் பெயர்மேல் வைத்து, அது நகர நகரக் கூடவே நகர்த்திக்கொண்டு போனார். ஓரத்தில் போய் மறைந்ததும் விரலை எடுக்காமல் மறுபடி வரும்வரை காத்திருந்தார். மூன்று சுற்று நான் காட்டினேன். நாலாவது சுற்றில் நான் வாயைத் திறக்குமுன் அவரே "இந்தா, இந்தா!" என்று பிடித்துவிட்டார். உலகத்தில் அவருக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அது. படி இறங்கப் போனவர் திரும்பி நின்று கேட்டார்:

"எம் மக பேரு இம்புட்டு நீளமா, தம்பி?"

பன்னிரண்டாவது வரி

எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் யாரும் "என்ன சத்தம்?" என்று கேட்பதில்லை. "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். ஜன்னல் அதிரும். அச்சாபீஸ் மிஷினை நிறுத்துவார்கள். பெண்பிள்ளைகள் வேலைக்குப் போன வீடுகளிலிருந்து எல்லாரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். நாங்களும் படமோ பாட்டோ ஓடினால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு வெறும் நீலத் திரையைப் போடுவோம். யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வழக்கமில்லை. அந்த நேரத்தில் ஒரு பாட்டு ஓடினால் நம் காதுக்கே பொறுக்காது.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என்றார்கள். கம்பெனி கேட்டைச் சாத்திவிட்டார்கள். யார் பெயரையும் சொல்லவில்லை. ஜனங்கள் எங்கள் மாடிப்படியில் வந்து நின்றார்கள். எங்கே போனாலும் விவரம் இல்லை, கேபிள்காரனாவது விசாரித்துச் சொல்லட்டும் என்று. கடற்கரையை பைக்கில் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். அங்கே யார் யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று விசாரித்து, வாசலில் இருந்த டெலிபோன் பூத்திலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னான். நான் அடித்தேன். காலையில் பாட்டுக்காக அடித்து வைத்த பன்னிரண்டு வரி அப்படியே இருந்தது. ஒரு வரியை அழிப்பேன், அந்த இடத்தில் அவன் சொல்கிற பெயரை அடிப்பேன். பெயர், கம்பெனி. பெயர், கம்பெனி. பாட்டுச் சீட்டுக்குப் போடுகிற அதே மாதிரி. பூத்தில் பின்னால் கூட்டம் நெருக்க, அவன் போனை வைத்தான். நான் மேலே 'ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருப்பவர்கள்' என்று தலைப்புப் போட்டு ஓடவிட்டேன்.

அவசரத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. கீழே தெருவில் ஒவ்வொரு பெயர் ஓடும்போதும் ஒரு வீட்டார் "இருக்கா, இருக்கா!" என்று அலறிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார்கள். ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன், பாவி. அரை மணி நேரம் கழித்துக் கடற்கரை மறுபடி கூப்பிட்டான். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடை டி.வி.யில் எங்கள் சேனலைப் பார்த்திருக்கிறான்.

"ஏலே, நான் பதினொரு பேருதாம்லே சொன்னேன். பன்னெண்டாவதா பா. மாரீஸ்வரின்னு ஓடுதே, அத உனக்கு யாருலே குடுத்தா?"

துணிக்கூடை

யாரும் கொடுக்கவில்லை. காலையில் அவள் வேன் ஏறுமுன் பெட்டியில் போட்டுவிட்டுப் போன பாட்டுச் சீட்டு அது. கடைசி வரியை நான் அழிக்கவில்லை. அதே கம்பெனி வேறு. உடனே அழித்தேன். ஆனால் அந்த அரை மணி நேரத்தை எப்படி அழிப்பது?

பால்ச்சாமி அண்ணாச்சி லாரி செட் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டு டி.வி.யைப் பார்த்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் ஓடியிருக்கிறது. தலைப்பில் என்ன போட்டிருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். சிகிச்சையில் இருக்கிறவர்கள் என்று அவர் வாசித்துச் சொன்னதும், டீக்கடையிலேயே தரையில் விழுந்து கும்பிட்டிருக்கிறார். பிறகு நிதானமாக வீட்டுக்குப் போய், மகளுக்கு மாற்றுத் துணி, போர்வை, பிளாஸ்க் எல்லாம் ஒயர்க் கூடையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்தால் துணி வேண்டுமே.

அங்கே கடற்கரை அவரைப் பார்த்துவிட்டான். பெயர் தப்பாக ஓடியதை அவரிடம் சொல்லவில்லை. கூடவே கட்டில் கட்டிலாக நடந்தான். கட்டுப் போட்டிருந்த ஒவ்வொரு முகத்தையும் அவர் குனிந்து பார்த்தாராம், காலைப் பார்த்தாராம். மகள் காலில் ஒரு தழும்பு உண்டாம். அவள் அங்கே இல்லை. வெடித்த அறையிலேயே அந்த நிமிஷமே போய்விட்டவர்களில் அவளும் ஒருத்தி என்று கம்பெனிக்காரர்கள் சொன்னது பொழுது சாய்கிற நேரத்தில்தான். அதுவரை அவர் கூடையைக் கீழே வைக்கவில்லை. ஒரு நர்ஸம்மா, அப்படி ஒரு பெயரே இங்கே இல்லை என்று சொன்னதற்கு அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னதைக் கடற்கரை என்னிடம் வந்து சொல்லிவிட்டு அழுதான்:

"டி.வி.ல பேரு ஓடுதும்மா. நான் எங் கண்ணால பாத்தேன். நல்லாத் தேடுங்க, அவ இங்கனதான் இருப்பா."

மறுபடி பாட்டு

பாட்டை நிறுத்திவிட்டேன். பெட்டியையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தெருவில் வயர் அறுந்தால் கடற்கரைதான் போவான். இரண்டு மாசம் அவளுடைய செட்டுப் பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது மாசம் மாடியேறி வந்தார்கள். அன்றைக்கு முன்னே தள்ளுவதற்கு அவள் இல்லாததால் படியிலேயே வரிசையாக நின்றார்கள். எனக்கு மனசு சரியில்லை, இனிமேல் பாட்டு வேண்டாம் என்றேன். அவர்களில் மூத்தவள், பேச்சியம்மாள் என்று பெயர், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெடிச்ச கம்பெனியவே தொறந்துட்டாக, நாங்களும் போயிட்டுத்தான் வாரோம். உங்களுக்குப் பாட்டைத் தொறக்குறதுக்கு அம்புட்டுக் கஷ்டமா இருக்கோ?"

வருஷத்துக்கு ஒரு சீட்டு

திறந்தேன். அதற்கப்புறம் எங்கே சத்தம் கேட்டாலும் நான் செய்கிற முதல் வேலை பன்னிரண்டு வரியையும் துடைத்து வெறுமையாக்குவது. புத்தி வந்தது, வரவேண்டிய நாளுக்கு அப்புறம்.

அடுத்த வருஷம் ஆடி மாசம் பால்ச்சாமி அண்ணாச்சி வந்தார். மகள் பிறந்தது ஆடியில். யாரிடமோ எழுதி வாங்கின சீட்டை நீட்டினார். பா. மாரீஸ்வரி, கம்பெனி பெயர், அவள் கடைசியாகக் கேட்ட பாட்டு. நான் கையை நீட்டி வாங்கினேனே ஒழிய அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அன்று ஓடியது என் தப்பு அண்ணாச்சி, உங்கள் மகளை ஆஸ்பத்திரிக்கே கொண்டு வரவில்லை என்று. வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவரே ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். அதைக் கேட்டதும் நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பெயரை அடித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் சீட்டு வரும், பெயர் ஓடும், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அது போய்ப் போய் வருவதைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் சொல்லி வைத்தாற்போல அதே வார்த்தையைச் சொல்வார்:

"ரூமுலயே போயிட்டாள்னு கம்பெனிக்காரக சொன்னது பொய் தம்பி. ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தப்ப உசுரு இருந்திருக்கு, அதான நீங்க பேரு போட்டீக. நான் துணி எடுக்கப் போகாம நேரா போயிருந்தேன்னா, எம் பிள்ள அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கும்."

செல்லில் வராதது

சகாக்களே, நம் தொழில் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். செட்டாப் பாக்ஸ் வந்தது. அப்புறம் எல்லார் கையிலும் செல் வந்தது. வேனில் வருகிற பெண்கள் ஆளுக்கு ஒரு பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பெட்டி காலியாகவே தொங்கி, ஒரு மழையில் ஊறி விழுந்துவிட்டது. கடற்கரையும் போய்ச் சேர்ந்துவிட்டான், மாரடைப்பு. உள்ளூர் சேனலில் நகைக்கடை விளம்பரமும் கோவில் கொடையும் காது குத்தும்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் மேலே இருந்து சிக்னல் தருகிறவர்கள், இனி உள்ளூர் சேனலுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஆடியில் பால்ச்சாமி அண்ணாச்சி வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். மாடிப்படி ஏற முடியாமல் கீழே நின்று குரல் கொடுத்தார். இறங்கிப் போய், சேனலை மூடியாச்சு அண்ணாச்சி என்றேன். அவருக்கு அது பிடிபடவே நேரம் ஆயிற்று. என் செல்லை எடுத்து, அந்தப் பாட்டைத் தேடி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அதே பாட்டு, அதே ஆட்டம், முன்னைவிடத் தெளிவாக. அவர் மேலே பார்க்கவில்லை. படத்தின் அடியில் கண்ணை வைத்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை காத்திருந்தார்.

"பாட்டு வருது தம்பி. பேரு வரலையே."

கடைசிச் சீட்டு

இனிமேல் அவர் என்னைத் தேடி வர ஒரு காரணமும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஆடிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இத்தனை வருஷம் தள்ளிப் போட்டவனுக்கு அடுத்த ஆடி இல்லை. அச்சாபீஸ் வாசலில் தாள் கட்டு அடுக்கியிருந்தது. அதன்மேல் அவரை உட்காரவைத்து, நான் கீழே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் அவள் போட்ட சீட்டு, பன்னிரண்டு வரி, கடற்கரை சொன்ன பதினொரு பெயர், நான் அழிக்க மறந்த ஒன்று. "அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே இல்ல அண்ணாச்சி. ரூமுலயே முடிஞ்சுபோச்சு. நீங்க பாத்தது அவ கேட்ட பாட்டுக்கு நான் அடிச்சு வச்ச பேரு." அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் இருந்த சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஒரு பெயரை நம்பி அவள் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷனிடமிருந்து அதையும் பிடுங்கிவிட்டோமே என்று நினைத்தேன். பிறகு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் கேட்கிற பிள்ளைபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்ப... நான் லேட்டாப் போகலையா, தம்பி?"

ஊர் முழுக்க வயர் இழுத்து உலகத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டியவன் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு, நாலு தெரு தள்ளியிருந்த ஒரு மனுஷனுக்கு ஒரே ஒரு "இல்லை"யைக் கொண்டுபோய்ச் சேர்க்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.